பாங்குக்கு நிற்கும் லேத்து

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முடிந்தது. ஆனால் கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தேய்ந்த தண்டைப் புதுசு மாதிரி கடைந்து தருகிற ஆள் யார் என்று. என் வீட்டுப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். என் அண்ணன் தம்பிகள் எல்லாரும் அத்தாவின் பலசரக்குக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் ஒருத்தன்தான் கோயம்புத்தூர் போய், பட்டறை பட்டறையாக எண்ணெயில் ஊறி, தொழிலைக் கண்ணால் திருடிக்கொண்டு வந்தவன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஒருவன் பயந்தான் என்றால் அது பயப்படவேண்டிய விஷயம்தான் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் சமையலறையை ஒட்டித் தகரம் போட்ட என் பட்டறை. அதில் நிற்கும் லேத்து, அதாவது கடைசல் எந்திரம், காயலான் கடையில் துரு தின்றுகொண்டு கிடந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது இதை எடைக்குப் போடலாம் என்று தெருவே சிரித்தது. நான் பேரிங் மாற்றினேன், தோல் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ரப்பர் பெல்ட் போட்டேன், தேய்ந்த பெட்டை, அதாவது லேத்தின் அடிப்பாகத்தை, மாதக்கணக்கில் கையால் சுரண்டிச் சமமாக்கினேன். கடைசியில் மோட்டாரையும் மாற்றி, புது மாதிரி டிரைவ் பெட்டி ஒன்றை வைத்தேன். சின்னப் பெட்டிதான். அதில் பொத்தானை அமுக்கினால் மோட்டார் நாம் சொன்ன வேகத்தில் ஓடும், சொன்ன நேரத்தில் நிற்கும். பெரிய கம்பெனிகளில் இருப்பது என் தகரக் கொட்டகையிலும் இருந்தது.

நிற்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. டிவி, மிக்ஸி எல்லாம் நிற்கும். லேத்தும் நிற்கவேண்டும். ஆனால் என் காது இந்தத் தொழிலுக்குக் கொடுத்த காது. லேத்து ஓடும்போது பாங்கு எனக்குக் கேட்காது. அதனால் என் வீட்டுக்காரி, அடுப்படியிலிருந்து பட்டறைக்குத் திறக்கும் கதவில் வந்து நின்று கையை ஆட்டுவாள். நான் பார்க்கமாட்டேன். பார்த்தாலும் இந்த ஒரு வெட்டு முடியட்டும் என்று கத்துவேன். கடைசியில் அவளே உள்ளே வந்து சுவிட்சை அணைப்பாள். அணைத்தாலும் பழைய மோட்டார் உடனே நிற்காது, பாங்கு பாதி முடியும்வரை முனகிக்கொண்டே சுற்றும்.

"பாங்கு சொல்றப்ப உங்க லேத்து மட்டும் மூக்கால அழுவுதுங்க. தெருவுல எனக்குத்தான் மானம் போகுது" என்பாள்.

அதற்காகத்தான் டிரைவ் வைத்தபோது இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, அடுப்படிக் கதவு நிலையிலேயே அவளுக்கென்று ஒரு சுவிட்ச். இன்னொன்று, அமுக்கிய மாத்திரத்தில் லேத்து நிற்கவேண்டும் என்று டிரைவில் பிரேக் வைத்தது. கரண்ட் வேலை பார்க்கிறவர் முதலமடைப் பக்கத்து ஆள், விவரமானவர். அவரே தயங்கினார்.

"ஏனுங் பாய், இத்தன வெடுக்குனு நிக்கோணுங்களா? சித்த மெதுவா நிக்கற மாதிரி வெச்சுக்கலாமுங்க."

"பாங்கு சொல்றவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நிக்கோணும். உன்னால முடியாதுன்னா சொல்லு, நானே வெச்சுக்கறேன்."

"உங்களால முடியாதது உண்டுங்களா" என்று சிரித்துவிட்டு வைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். லேத்து வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டுக்காரி கதவு நிலையில் சுவிட்சைத் தட்டுவாள். கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் நிற்கும். "பாங்குக்கு நிக்கற லேத்து உலகத்துல இது ஒண்ணுதான்" என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை. லேத்தைப் போட்டதும் கைப்பிடி வழியாக என் கைக்குள் ஒரு தட்டு வந்தது. டொக்கென்று ஒரே ஒரு தட்டு. காது மந்தமானாலும் என் கை மந்தமில்லை. லேத்தை நிறுத்திவிட்டு நின்றேன். அது என்ன தட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் உள்ளங்கால் குளிர்ந்துபோயிற்று.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடைகிற இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கனத்த வட்டத்துக்குச் சக்கு என்று பெயர். ஒரு பெரிய பரங்கிக்காய் அளவு இருக்கும். என்னுடையது பழைய லேத்து. அதில் சக்கை மரை திருகித்தான் மாட்டவேண்டும், பாட்டில் மூடி மாதிரி. முன்பக்கமாகச் சுற்றி வெட்ட வெட்ட அது இறுகும். பின்பக்கமாக ஓட்டினால் கழன்றுவிடும். அதனால் நான் ஒரு நாளும் பின்பக்கம் ஓட்டியதில்லை. ஆனால் ஓடுகிற பஸ் பட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் போய் விழுகிறார்களே, அதுதான் இங்கேயும். மோட்டார் சட்டென்று நின்றது. மேலே இருந்த சக்கு நிற்க மனமில்லாமல் தன் போக்கில் கொஞ்சம் சுற்றி, மரையிலிருந்து தளர்ந்துவிட்டது. மறுநாள் லேத்தைப் போட்டபோது திரும்ப இறுகிய சத்தம்தான் அந்தத் தட்டு.

அதாவது நேற்று பாங்குக்கு அவள் நிறுத்தியபோது சக்கு கழல ஆரம்பித்திருந்தது. முந்தின நாளும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் பெருமையாகக் காட்டிய ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் சக்கு கழன்றதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது கீழே விழுந்து சும்மா கிடக்கவில்லை. சுற்றின வேகத்தோடு பெட்டில் இறங்கி, துள்ளி, எதிர் லேத்தில் நின்றவரின் முழங்காலைத் தேடிப் போயிற்று. அவர் அதற்குப் பிறகு எந்த லேத்துக்கு முன்னாலும் நிற்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

என் லேத்தில் சக்கு சுற்றும்போது மேல்பக்கம் என் நெஞ்சைப் பார்த்து வரும். கழன்று விழுந்தால் வண்டிச் சக்கரம் மாதிரி என்னைப் பார்த்துத்தான் உருளும். எனக்குப் பின்னால் நேராக அடுப்படிக் கதவு. அங்கே சுவிட்சில் கை வைத்துக்கொண்டு அவள்.

நான் விலகிக்கொண்டால் அது அவளிடம் போகும்.

இந்தக் கணக்கு மனசில் ஓடியபிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிரேக்கை எடுத்துவிடலாம், ஆனால் அந்தப் பெட்டியில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வைத்துக் கொடுத்தவர் சின்னக்கானலில் ஏதோ ரிசார்ட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால், ஊரே பார்த்துக் கை தட்டியதை நான் எடுக்கச் சொல்கிறேன் என்று ஆகும். அவளிடம் சொல்லலாம். சொன்னால் பட்டறையைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொள்வாள். லேத்து நின்றால் நான் யார்? பலசரக்குக் கடைக்காரர்களின் செவிட்டு அண்ணன், அவ்வளவுதான்.

அதனால் நானே ஒரு வழி கண்டேன். வாசல் பக்கம் மீட்டர் பெட்டிக்குக் கீழே வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதை இறக்கினால் டிரைவுக்கே உயிர் போய்விடும், பிரேக் பிடிக்காது, லேத்து தானாகச் சுற்றி மெதுவாக அடங்கும். லேத்தை எப்போது நிறுத்தவேண்டுமென்றாலும் மெயினைத்தான் இறக்கினேன், அடங்கியதும் ஏற்றினேன்; பாங்கு நேரத்துக்குச் சற்று முன்பே போய்விடுவேன். பட்டறையில் பிளக்கில் மாட்டிய ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் புறப்படுவேன்.

வீட்டுக்காரிக்குத் தினமும் அரைபட்ட தேங்காயோடு மிக்ஸி நின்றது.

"ஏனுங்க, நம்ம ஊட்டுல மட்டும் கரண்ட் போகுது. அக்கட்டால எல்லா ஊட்டுலயும் ஃபேன் சுத்துது."

"மழக்காலம். அப்படித்தான் போகும்."

"மழ நம்ம ஊட்டுக்கு மட்டும் தனியாப் பெய்யுதுங்களா?"

கரண்ட் ஆபீசுக்கு அவளே போன் செய்துவிட்டாள். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். "சேச்சி, லைனெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஊட்டுல பேய் ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன். காலையில் லேத்தைப் போடும்போதெல்லாம் அந்தத் தட்டு வருகிறதா என்று கை காத்திருக்கும். வராத நாளிலும் பயம் போகாது. இன்று வரவில்லை என்றால் நாளைக்கு என்று மனசு சொல்லும். பிற்பகல் அசர், அந்தி மஃரிப் தொழுகை நேரத்தில் லேத்தைத் தொடுவதையே விட்டுவிட்டேன். கண்ணுக்கு வெளிச்சம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் மாவு மில்லிலிருந்து பெல்ட் ஓட்டும் புல்லிச் சக்கரம் ஒன்று வந்தது. வார்ப்பிரும்பு, அகலமானது, இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நடுத் துளை தேய்ந்துபோயிருந்தது. அதைப் பெரிதாக்கி உள்ளே புது வளையம் அடிக்கவேண்டும்.

"கோயமுத்தூருக்குத்தான் கொண்டுட்டுப் போலாம்னு இருந்தமுங்க. உங்க லேத்துல இது நிக்குங்களா பாய்?" என்று மில்காரர் கேட்டார்.

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

"எறக்கி வெச்சுட்டுப் போங்க" என்றேன்.

அவ்வளவு கனத்தைச் சக்கில் கட்டினால் அதன் ஓட்டத்துக்கு எத்தனை பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெறும் சக்கே தளர்கிறது. இதோடு சேர்ந்து பட்டென்று நின்றால் மரை முழுக்கக் கழன்றுவிடும். அது தெரிந்துதான் கட்டினேன். நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்னால் மெயினை இறக்கிவிட்டால் போதும் என்று எண்ணினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் நேரம் இருந்தது.

அந்தக் கடிகாரம் கரண்ட் போனால் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். தினமும் நான் மெயினை இறக்கி இறக்கி அது பின்தங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மரைக்கு மரை கணக்குப் பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை.

புல்லி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வெட்டு நன்றாக இறங்கியது. கறுப்பு மாவு மாதிரித் தூள் விழுந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், வெளிச்சம் மாறியதுபோல் இருக்கவே திரும்பினேன். கதவில் அவள் நின்றாள். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்தாள். தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாங்கு கேட்டால் அவள் செய்கிற காரியம் அது.

"வேண்டாம்!" என்று கத்தினேன்.

அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். பாங்கு சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

"வேண்டாம், வேண்டாம், அமுக்காதே!"

இத்தனை வருடமாக ஒவ்வொரு பாங்குக்கும் நான் இப்படித்தான் கத்தியிருக்கிறேன், ஒரு வெட்டு முடியட்டும் என்று. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்காமல்தான் நிறுத்தியிருக்கிறாள். என் கத்தலுக்கு இந்த வீட்டில் மதிப்பு கிடையாது. அவள் உதடு அசைந்தது. 'உங்க வெட்டு எங்கியும் போகாது' என்பதாக இருக்கும். கை சுவிட்சை நோக்கிப் போயிற்று.

லேத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினாலும் அதே பிரேக்தான். மெயின் வாசல் பக்கம், அவளைத் தாண்டி. எனக்குப் பின்னால் புல்லியும் சக்கும் ஒன்றாகச் சுற்றுகிற காற்று முதுகில் பட்டது. நான் ஓடினேன். இந்த வயசில் எப்படி ஓடினேன் என்று தெரியாது. லேத்துக்கும் கதவுக்கும் நடுவில் அந்தக் கோட்டிலேயே ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். விரல் சுவிட்சின் மேல் இருந்தது. அமுக்கியிருக்கவில்லை.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையை உதறப் பார்த்தாள். நான் விடவில்லை. கோபத்தோடு என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"என்னங்க, சொல்லுங்க."

"மெயின எறக்கு" என்றேன். "இதத் தொடாத. வாசல்ல போயி மெயின எறக்கு."

அவள் ஓடினாள். நான் கதவு நிலையில் சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன், வேறு யாரோ வந்து அமுக்கிவிடுவார்கள் என்பதுபோல். ஃபேன் நின்றது. லேத்து மட்டும் நிற்காமல் சுற்றியது. அந்தப் புல்லியின் கனத்துக்கு அது லேசில் அடங்காது. சத்தம் குறையக் குறைய எனக்குப் பாங்கு கேட்டது, கடைசிப் பகுதி. அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் அந்தச் சக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது தள்ளாடித் தள்ளாடி நின்றபோது பாங்கு முடிந்திருந்தது.

சொன்னேன். சக்கு, மரை, பிரேக், மெயின் சுவிட்ச் எல்லாம். அவளுக்கு முதலில் மிக்ஸிதான் உறைத்தது.

"அப்ப தெனமும் கரண்ட நிறுத்துனது நீங்கதானா? லைன்மேனு பேயின்னாரே, அது நீங்கதானா?"

"ஆமா."

"அந்த மனுசன் மழையில கம்பத்துல ஏறி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சுவிட்சைப் பார்த்தாள். லேத்தைப் பார்த்தாள். நான் தினமும் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

"நான் நிறுத்துறப்பெல்லாம் அது உங்க மேல வந்திருக்குமுங்களா?"

நான் தரையில் கிடந்த இரும்புத் தூளைப் பெருக்க ஆரம்பித்தேன்.

"என்ற இந்தக் கையாலயா?" என்றாள்.

அடுப்படிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று சோறு ஆக்கவில்லை. எனக்கும் பசிக்கவில்லை.

மறுநாள் காலை சின்னக்கானலுக்குப் போன் போட்டது அவள்தான். அங்கே மூடுபனி, பேச்சு விட்டு விட்டு வந்தது. கரண்ட்காரர் அங்கிருந்து சொல்ல, இவள் பெட்டியிலுள்ள இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க, நான் பொத்தானை அமுக்கினேன். இவள் பத்தாவது வரை படித்தவள். அது அன்றைக்குத்தான் எனக்கு உதவியது.

"பாய், பிரேக்க எடுத்தாச்சுங்க. இனி மெதுவாத்தான் நிக்கும். ஊர்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"பாங்க முழுசாக் கேட்டுட்டு நிக்குதுன்னு சொல்லுவேன். நீ போன வையி" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் என் பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை.

அதோடு விடவில்லை நான். சக்குக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற மாதிரி ஒரு வளையத்தை நானே கடைந்து போல்ட் போட்டேன். இனிமேல் அந்தச் சக்கு எந்தப் பிரேக்குக்கும் கழலாது. பெரிய கம்பெனிக்காரனைக் கூட்டி வந்து பார்க்கச் சொல்லுங்கள். மில்காரரின் புல்லியும் அதே லேத்தில்தான் முடிந்தது. இன்றும் மில்லில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வளையத்தை அவளுக்கும் காட்டினேன். கழலாது பார் என்று கடப்பாரையைக் கொடுத்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை.

இப்போதும் பாங்கு நேரத்தில் வந்து கதவில் நிற்கிறாள். தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். ஆனால் கை சுவிட்சுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. நான் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே நிற்கிறாள். "நிறுத்தட்டுங்களா?" என்று கேட்பது காதில் விழாவிட்டாலும் உதட்டில் தெரிகிறது. நான் வெட்டை விட்டுவிட்டு அவளுக்கும் லேத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறேன். வளையம் பிடித்திருக்கிறது, பிரேக் இல்லை, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் அங்கே நின்றுகொண்டுதான், நிறுத்து என்று அவளிடம் தலையை ஆட்டுகிறேன்.